மீளப் பணியமர்த்தல்

மீளப் பணியமர்த்தல் என்பது, முறையற்ற வகையில் வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளரை மீண்டும் அதே பணியில் அமர்த்துமாறு தொழிலுறவுச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்படும் ஆணையாகும். பொதுவான ஒப்பந்தச் சட்டத்தின்படி வேலையை இழந்தவர் இழப்பீடு கோரலாமே தவிர, வேலையைக் கோர முடியாது. தொழில் தீர்ப்பாயங்களுக்கு அவ்வாறு ஆணையிடும் அதிகாரம் உண்டு என்பதை இந்தியாவில் 1949 இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சட்ட வளர்ச்சி

தொழில் தகராறுகள் சட்டம், 1947 இன்படி, தனியொருவரின் வேலைநீக்கம் சங்கத்தின் அல்லது கணிசமான தொழிலாளரின் ஆதரவு இருந்தால் மட்டுமே தகராறாகக் கொள்ளப்பட்டது. 1965 இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு இக்குறையை நீக்கியது. 1971 இல் வந்த 11ஏ பிரிவு இன்னும் முக்கியமானது. அதற்கு முன்னர், நிருவாகம் நடத்திய உள்விசாரணை முறையாக நடந்திருந்தால், பழிவாங்கும் நோக்கம் போன்ற காரணங்கள் இல்லாதவிடத்துத் தீர்ப்பாயம் தலையிட இயலாது. 11ஏ பிரிவுக்குப் பின், சான்றுகளை மீண்டும் ஆராயவும், குற்றத்திற்கு மிஞ்சிய தண்டனையைக் குறைக்கவும் அதற்கு அதிகாரம் கிடைத்தது.

வேலையில்லாது கழிந்த காலத்திற்கான ஊதியம் பின்னூதியம் எனப்படும். இந்துஸ்தான் டின் ஒர்க்ஸ் வழக்கில் (1978), முழுப் பின்னூதியமே பொது விதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் அவ்வழக்கின் தொழிலாளருக்கு 75 விழுக்காடே வழங்கப்பட்டது. மேல்முறையீட்டால் வழக்கு நீளும்போது வேறு வேலையற்ற தொழிலாளர் பட்டினி கிடக்காதிருக்க, கடைசியாகப் பெற்ற ஊதியத்தை நிருவாகம் தொடர்ந்து வழங்க வேண்டும் என்று 17பி பிரிவு கூறியது.

சான்றுச் சுமை

ஆட்குறைப்பில் பாதுகாப்புப் பெற, ஓராண்டில் 240 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். அதை மெய்ப்பிப்பது தொழிலாளரின் கடமை என 2002 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊதியச் சீட்டோ வருகைப் பதிவின் படியோ இல்லாத தினக்கூலிகளுக்கு இது எளிதன்று. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை போன்ற இடங்களின் கல்குவாரித் தொழிலாளரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சுரங்கச் சட்டத்தின் வரையறையில் திறந்தவெளிக் கல்குவாரியும் சுரங்கமே. எனவே அவர்களது தகராறு மாநில அரசின் தொழிலாளர் துறைக்கு அன்றி நடுவண் அரசின் சமரச அலுவலருக்குச் செல்ல வேண்டியது. இதை அறியாமல் தவறான அலுவலகத்தை நாடினால் காலம் வீணாகும். வழக்கில் வென்றாலும், தினக்கூலிகளுக்கு வேலைக்குப் பதிலாக ஒரு தொகையை இழப்பீடாக வழங்கும் போக்கு அண்மைக்காலத் தீர்ப்புகளில் மிகுந்துள்ளது.

அரசு ஊழியர்கள்

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 தமிழ்நாடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நீக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்ட நிகழ்வு பலர் நினைவில் உள்ளது. ஆயினும் அது தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் நடந்ததன்று. உச்ச நீதிமன்றத்தில் அரசு ஒப்புக்கொண்டவாறு, நிபந்தனையற்ற மன்னிப்பும் நடத்தை விதிகளைப் பின்பற்றும் உறுதிமொழியும் அளித்தவர்களே சேர்க்கப்பட்டனர். கைதானவர்களும் வழக்குப் பதியப்பட்டவர்களும் இதில் அடங்கவில்லை. வேலைநீக்கம் முறையானதா என்ற கேள்விக்கு அங்கு இடமே இருக்கவில்லை.

தற்போதைய சட்டம்

1947 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாகத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. மீளப் பணியமர்த்தும் அதிகாரம் இதிலும் உண்டு. ஆனால் நீக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகுவதற்கான காலவரம்பு 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்துள்ளது.