மீன் தின்ற பின் எங்கே படுப்பது?

மீனைப் பார்க்கும் முன்பே எண்ணெயைத்தான் பார்த்தார் நண்பர். "கறுத்திருந்தா அடுத்த கடை மாப்ள." இருபது வருடம் நாமக்கல் லாரி ஓட்டியவரின் நாக்கு, எந்த ஊரிலும் ஏமாறாது.

மேட்டூர் அணைப் பூங்கா பக்கம் மீன் கடைகளுக்குக் குறைவில்லை. தட்டு நிறைய மசாலா பூசிய ஜிலேபி மீன், வரிசையாக. உடம்பில் குறுக்கே நாலு கீறல், கீறலுக்குள்ளும் சிவப்பு ஏறியிருக்க வேண்டும். "எது வேணும்னு கை காட்டுங்கண்ணா" என்றார் கடைக்கார அக்கா. காட்டினோம். கல்லில் விழுந்ததும் முதலில் வால் சுருண்டது, பிறகு ஓரங்கள் மொறுமொறுத்தன. வாழையிலைத் துண்டில் வெங்காயமும் எலுமிச்சையும் வைத்துக் கொடுத்தார். இந்த ஜிலேபி ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1952-ல் நம் நாட்டுக்கு வந்த மீன். இப்போது மேட்டூரின் சொந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. கட்லாவும் கிடைக்கிறது, ஆனால் ருசி இதற்குத்தான்.

முந்தின நாள் மதியம் பள்ளிபாளையத்தில் சிக்கன். மசாலாத்தூள் கிடையாது. கிள்ளிப்போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். சாயங்காலம் சேலத்தில் தட்டுவடை செட். இரண்டையும் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

பத்திரிகை ஆசிரியர் கேட்டதும் சாப்பாட்டுக் கட்டுரைதான். ஆனால் மீன் கடையில் நான் எண்ணியது கார்களை. எங்களைச் சுற்றி நின்றவை பதினொன்று, அதில் நாலு கர்நாடகப் பதிவு. "இவங்கெல்லாம் ராத்திரி எங்கே தங்குவாங்க?" என்றேன். அக்கா சிரித்தார். "தங்கறதா? தின்னுட்டுக் கிளம்பிருவாங்கண்ணா."

நண்பருக்கு முகம் மாறிவிட்டது. வயிறு நிறைந்தவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி. தர்மபுரிப் பக்கமிருந்து இறங்கும் தொப்பூர் கணவாயை அவருக்கு இருட்டிலும் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் வண்டியின் பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. "அதுகூடப் பரவால்ல, கியரைப் போட்டா அடங்கிரும். விடியக்காலம் மூணு மணித் தூக்கத்துக்கு எந்தக் கியரைப் போடறது?"

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணியாவது ஓய்வு என்று 1961-லேயே சட்டம் எழுதினார்கள். லாரிக்காரர்கள் அதை எப்படிப் பின்பற்றுகிறார்கள் என்பது நாமக்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்தக் காரில் போகிறவனுக்கோ அந்தச் சட்டமும் இல்லை. அவன் காலையில் எழுந்து, எட்டு மணி நேரம் ஓட்டி, மீன் தின்று, ராத்திரியே திரும்புகிறான். பக்கத்து சீட்டு நண்பன் கொட்டாவி விட்டுக்கொண்டே பேச்சுக் கொடுக்கிறான்.

சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோரம் காரில் போய் எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' 1971-ல் நூலாக வந்தது. ஊர் ஊராகத் தங்காமல் அப்படியொரு புத்தகம் எழுத முடியுமா? வழியெல்லாம் சத்திரம் கட்டிப்போட்ட நாடு இது. இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் லாட்ஜுக்கு வேறு அழுவதா என்பவர்கள் உண்டு. இருக்கட்டும்.

நாங்கள் தங்கினோம். லாட்ஜ் சுமார்தான். விசிறி ராத்திரி முழுக்க முனகியது, பக்கெட்டுக்குக் கைப்பிடி இல்லை. ஆனால் விடிந்ததும் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போக முடிந்தது. 1934-ல் அணை திறந்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் கோயிலும் தேவாலயமும் அங்கேதான் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கினால் நந்தி தலை காட்டும். 120 அடி வரை நீர் தேங்கும் அணையில் அன்று தண்ணீர் நன்றாகவே வற்றியிருந்தது. நந்தியின் முதுகில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பரிசல்காரர் ஒருவர் வலையிலிருந்து ஜிலேபியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார், மத்தியானக் கடைக்கு.

திரும்பிப் பார்த்தேன். நண்பர் கார் சீட்டைச் சாய்த்துப் போட்டு மறுபடி தூங்கிக்கொண்டிருந்தார். சாவி அவர் சட்டைப் பையில்.