தண்ணீரோடு போகாத கிருமி

தாராவியில் பல சந்துகளில் குழாய்த் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். தண்ணீர்க் குழாய் சாக்கடையை ஒட்டியே போகும். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகும். அப்போது விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே புகும். மறுநாள் அது நம் குடத்துக்கு வரும்.

மழைக்காலம். ஒரு வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

"தண்ணி குடுக்காதேம்மா. குடுத்தா இன்னும் போகும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"இவ்வளவு போகுதே பெரியம்மா, கிருமியும் கூடவே போயிடாதா?" என்று கேட்கிறாள் தாய்.

நல்ல கேள்வி. கிருமி ஏன் போவதில்லை? அது குடலைப் பிடித்துக்கொள்கிறது.

எப்படிப் பிடிக்கிறது?

காலராக் கிருமியைப் பார்ப்போம். அதன் உடலில் மிக மெல்லிய முடிகள் உண்டு. அவை ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து குடலில் தங்கும். அங்கேயே இருந்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு உடம்பின் நீரைக் குடலுக்குள் கொட்ட வைக்கும். காலராவின் நஞ்சை 1959-இல் கண்டு சொன்னவர் கல்கத்தா மருத்துவர் சம்பு நாத் டே.

முடியை எப்படிச் செய்வது என்று கிருமிக்கு யார் சொன்னது? தையல்காரரிடம் அளவுச் சீட்டு இருக்கிறது அல்லவா? அதுபோல ஒவ்வொரு உயிருக்குள்ளும் குறிப்புகள் உண்டு. அவையே மரபணுக்கள்.

இந்த முடிகளை 1987-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். முடிக்கான மரபணுவைக் கெடுத்தார்கள். 1988-இல் வெளியான ஆய்வில், தாமாக முன்வந்த சிலர் அந்த முடியில்லாக் கிருமியைக் குடித்தார்கள். கிருமி குடலில் தங்கவில்லை. அவர்களுக்கு நோயும் வரவில்லை. பிடி இல்லை என்றால் நோய் இல்லை!

1992-இல் சென்னையில் புதுவகைக் காலரா தலைகாட்டியது. கிருமியின் மேலுறை மாறியிருந்தது. முடியும் நஞ்சும் மாறவில்லை.

நாம் என்ன செய்வது?

தண்ணீரை நிறுத்தக் கூடாது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கிருமியைக் கொல்லாது. ஆனால் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வழி ஒன்று குடலில் உண்டு. நஞ்சு அதை அடைப்பதில்லை. அந்த வழியில் தண்ணீரும் உடம்புக்குள் சேரும். குடலின் உள்தோல் சில நாட்களில் உதிர்ந்து புதிதாகும். உடம்பும் கிருமியை எதிர்க்கும். அதுவரை உயிரைக் காப்பது இந்த நீர்தான்.

1971-இல் வங்காள எல்லையில் அகதி முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். பல உயிர்கள் பிழைத்தன.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதில் எழுதியுள்ள அளவு நீரில் கலக்குங்கள். கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போடுங்கள். உப்பு கூடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

கண் குழிவிழுந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. பெரியம்மாவுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

2. உங்கள் சந்தில் தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வருகிறது?