கப்பலில் ஒரு கணக்கு

சிங்கப்பூரின் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம் 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பள்ளி விடுமுறைக் காலத்தில் இந்த நிலையத்தில் கூட்டம் அலைமோதும். பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் குடும்பங்கள் கப்பலேறி, மூன்று அல்லது நான்கு இரவுகளில் பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் போன்ற இடங்களுக்குச் சென்று திரும்புகின்றன. அவ்வாறு திரும்புபவர்களுள் சிலர், கரையில் கால் வைப்பதற்கு முன்பே அடுத்த பயணத்திற்கும் பணம் கட்டிவிடுகின்றனர். ஒரு பயணம் முடிவதற்குள் இன்னொரு பயணத்திற்குப் பணம் கட்டுவது ஏன்? அதனால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

பெரிய உல்லாசக் கப்பல்கள் பலவற்றில் எதிர்காலப் பயணங்களுக்கென்றே தனி முகப்பு ஒன்று இருக்கும். ராயல் கரீபியன் நிறுவனம் தன் திட்டத்தை 'நெக்ஸ்ட்குரூஸ்' என்றும், நார்வீஜியன் நிறுவனம் தன் திட்டத்தை 'குரூஸ்நெக்ஸ்ட்' என்றும் அழைக்கின்றன. பெயர்கள் வேறுபட்டாலும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். பயணி இரண்டு வழிகளில் முன்பதிவு செய்யலாம். கப்பல், புறப்படும் நாள், அறை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து முன்பணம் செலுத்துவது முதல் வழி. எங்கே, எப்போது செல்வது என்பதை முடிவு செய்யாமல் ஒரு தொகையை மட்டும் செலுத்தி வைப்பது இரண்டாம் வழி. பின்னர்ப் பயணத்தை முடிவு செய்யும்போது அத்தொகை கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படும். இவ்வழியில் பணம் கட்டுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அத்தொகையைப் பயன்படுத்துவதற்குப் பெரும்பாலும் காலக்கெடு உண்டு.

கப்பலிலேயே பதிவு செய்பவர்களுக்குச் சில சலுகைகள் கிடைக்கின்றன. சில நிறுவனங்கள் வழக்கத்தைவிடக் குறைவான முன்பணத்தை ஏற்றுக்கொள்கின்றன. சில நிறுவனங்கள் அடுத்த பயணத்தின்போது கப்பலில் செலவிடுவதற்கென ஒரு சலுகைத் தொகையை அளிக்கின்றன. சிறப்பு உணவகம், கடை, சுற்றுலா ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். பயணம் நீளமாகவும் அறை விலை உயர்ந்ததாகவும் இருந்தால் அத்தொகையும் பொதுவாகக் கூடும். ஆனால், இது கையில் கிடைக்கும் ரொக்கம் அன்று. கப்பலுக்கு வெளியே இதைச் செலவிட முடியாது.

நிறுவனங்கள் இச்சலுகையை ஏன் தருகின்றன? கப்பல் அறை, காய்கறியைப் போன்றது. மாலைக்குள் விற்காத கீரை மறுநாள் வாடிவிடும். அதுபோலவே, கப்பல் புறப்படும் நேரத்தில் காலியாக இருக்கும் அறையால் நிறுவனத்திற்கு அப்பயணத்தில் வருமானம் கிடைக்காது. கப்பலை ஓட்டும் செலவோ பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே, அறைகளை எவ்வளவு முன்கூட்டியே விற்க முடிகிறதோ அவ்வளவு நல்லது. மேலும், கப்பலில் இருப்பவர் ஏற்கெனவே இத்தகைய பயணத்தை விரும்பியவர். அவரைத் தேடிப்பிடிக்க விளம்பரம் தேவையில்லை. இவ்வாறு மிச்சமாகும் செலவில் ஒரு பகுதிதான் பயணிக்குச் சலுகையாக வந்து சேர்கிறது.

சலுகை உண்மையானது என்பதால், அது எப்போதும் இலாபம் தரும் என்று சொல்லிவிட முடியாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நால்வர் கொண்ட ஒரு குடும்பம் அடுத்த ஆண்டு டிசம்பர் மாதப் பயணத்திற்குக் கப்பலிலேயே முன்பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தக் கட்டணம் 4,000 வெள்ளி. முன்பணம் 400 வெள்ளி. கப்பலில் செலவிடக் கிடைக்கும் சலுகைத் தொகை 200 வெள்ளி.

சில மாதங்கள் கழித்து, விடுமுறை நெருங்கும்போது அதே அறையின் விலை 4,500 வெள்ளியாக உயரலாம். அப்படியானால் அக்குடும்பத்திற்குக் கட்டணத்தில் 500 வெள்ளி மிச்சம். சலுகைத் தொகையையும் சேர்த்தால் மொத்த நன்மை 700 வெள்ளி. மாறாக, நிறுவனம் சிறப்பு விற்பனை ஒன்றை அறிவித்து, அதே அறையை எல்லாருக்கும் 3,700 வெள்ளிக்குத் தரலாம். அப்போது 200 வெள்ளிச் சலுகையைக் கழித்துப் பார்த்தாலும், முன்கூட்டியே பதிவு செய்த குடும்பம் 100 வெள்ளி கூடுதலாகச் செலவிட்டிருக்கும். மூன்றாவதாக, தேர்வு, உடல்நலம், வேலை போன்ற ஏதேனும் ஒரு காரணத்தால் அக்குடும்பம் பயணம் செய்ய முடியாமலும் போகலாம். முன்பணம் திரும்பக் கிடைக்காத வகையைச் சேர்ந்ததாக இருந்தால், 400 வெள்ளியும் கைவிட்டுப் போகும். ஆக, ஒரே முன்பதிவு மூன்று விதமான முடிவுகளைத் தரக்கூடும்.

இக்கணக்கைக் கரையில் போடுவது எளிது. கப்பலில் போடுவது கடினம். விடுமுறை மகிழ்ச்சியில் இருப்பவருக்கு, இதே மகிழ்ச்சி மீண்டும் கிடைக்கவேண்டும் என்ற ஆசை இயல்பாகவே எழும். 'இக்கப்பலில் இருக்கும்வரை மட்டுமே இச்சலுகை' என்ற அறிவிப்பு அவரை அவசரப்படுத்தும். விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், நடுக்கடலில் இணையச் சேவைக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் செலுத்தவேண்டும். சில கப்பல்களில் விலைகள் அமெரிக்க டாலரில் குறிப்பிடப்படும். அதைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிப் பார்க்காதவருக்கு, விலை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தோன்றும்.

இன்னோர் இடரும் உண்டு. முன்பணம் என்பது, இன்னும் கிடைக்காத ஒரு சேவைக்காக இன்றே கொடுக்கும் பணம். நிறுவனம் தொடர்ந்து இயங்கும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கை சில வேளைகளில் பொய்த்துவிடும். கொவிட்-19 கிருமிப்பரவலால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் உல்லாசக் கப்பல் பயணங்கள் நின்றுபோயின. 'ட்ரீம் குரூசஸ்' கப்பல்களை நடத்திவந்த கெந்திங் ஹாங்காங் நிறுவனம் கடும் பண நெருக்கடியில் சிக்கியது. 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நிறுவனத்தைக் கலைப்பதற்காக அது நீதிமன்றத்தை நாடியது. சிங்கப்பூரிலிருந்து சென்றுவந்த அதன் 'வோர்ல்ட் ட்ரீம்' கப்பலும் அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் தன் பயணங்களை நிறுத்திக்கொண்டது. பிந்திய பயணங்களுக்காகப் பணம் கட்டியிருந்தவர்கள், அதைத் திரும்பப் பெறும் வழியைத் தேடவேண்டிய நிலைக்கு ஆளாயினர்.

இதனால் கப்பலில் முன்பதிவே செய்யக்கூடாது என்று பொருளில்லை. பள்ளி விடுமுறையில் மட்டுமே பயணம் செய்யக்கூடிய குடும்பங்களுக்கு அது மிகவும் பயன்படலாம். அக்காலத்தில் அறைகள் விரைவாக நிரம்பிவிடும். நால்வர் தங்கக்கூடிய அறைகள் அவற்றினும் விரைவாக நிரம்பும். ஆண்டுதோறும் கப்பலில் செல்பவர்களுக்கும் சலுகைத் தொகை வீணாகாது. ஆனால், கையொப்பமிடுவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்கவேண்டும். பயணத்தை இரத்து செய்தால் முன்பணம் முழுமையாகத் திரும்பக் கிடைக்குமா? நாளையோ கப்பலையோ மாற்றினால் கட்டணம் உண்டா? மாற்றிய பிறகும் சலுகைத் தொகை நிலைக்குமா? பின்னர் விலை குறைந்தால் அந்தக் குறைந்த விலை நமக்கும் கிடைக்குமா? துறைமுக வரியும் பணியாளர்களுக்கான அன்றாடச் சேவைக் கட்டணமும் சொல்லப்பட்ட விலையில் அடங்குமா? மீதித் தொகையை எந்தத் தேதிக்குள் செலுத்தவேண்டும்? வாய்மொழியாகக் கிடைக்கும் பதில் போதாது. அது எழுத்துவடிவில் இருக்கிறதா என்று பார்த்து, இரசீதையும் நிபந்தனைகளையும் பத்திரப்படுத்துவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இம்முடிவுக்கான ஆயத்தம் வீட்டிலேயே தொடங்கவேண்டும். கப்பலேறுவதற்கு முன்பே, அடுத்த ஆண்டு செல்ல விரும்பும் பயணத்தின் விலையைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். எவ்வளவு வரை செலவிடலாம் என்பதையும் குடும்பத்தினர் கலந்து பேசி முடிவு செய்யலாம். பெற்றோர் நிபந்தனைகளைப் படிக்கும்போது, கூட்டல் கழித்தலைப் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். கப்பலில் சொல்லப்படும் விலையை அத்தாளில் உள்ள விலையோடு ஒப்பிட்டால், சலுகையின் உண்மையான மதிப்பு சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. கடலில் மிதந்துகொண்டே கட்டும் பணத்திற்கும் அது பொருந்தும்.