சேசிஸை அறுக்கும் முன் ஆர்.சி. புக்கைத் திறந்து பாருங்கள்

அப்பா ஓட்டிய புல்லட், தாத்தா வாங்கிய ஜாவா, சித்தப்பா விட்டுச்சென்ற ஆர்.எக்ஸ். 100. மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்கில் கிடந்த வண்டிக்குத் திடீரென்று யோகம் பிறக்கிறது. வீட்டுப் பிள்ளை அதைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறான். சேசிஸின் பின்பாதியை அறுத்து, சீட்டைத் தாழ்த்தி, பின் மட்கார்டைக் கழற்றி, தடித்த டயர் போட்டு, கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்து ‘பாபர்’ ஆக்கிவிடுகிறார்கள். லட்சத்துக்கு மேல் செலவான பிறகுதான் ஆர்.சி. புக் ஞாபகம் வருகிறது. புக் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா எப்போதோ காலமாகிவிட்டார். பதிவும் காலாவதி, இன்சூரன்ஸும் இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, புக்கில் இருக்கிற வண்டி இது இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்.

பெயரும் ஊரும் மாறினாலும் இதே கதை என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய வண்டியை மாற்றி அமைக்கலாமா, அப்படியே காப்பாற்ற வேண்டுமா என்று டீக்கடையில் மணிக்கணக்காக வாதம் செய்கிறவர்கள் பலர். அந்த வாதத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்பவர் மட்டும் அபூர்வம்.

மாற்றுவதே பாவம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வண்டிகளும், மைசூரிலிருந்து வந்த ஜாவா, எஸ்டியும் உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை. பால் கேன் கட்டினார்கள், சைடு கார் மாட்டினார்கள், வலது பக்கம் இருந்த கியரை இடது பக்கம் கொண்டுவந்தார்கள். ஆனால், சில காரியங்களைச் செய்தபின் திரும்ப முடியாது. திருவொற்றியூர் ஆலையில் கையால் இழுத்த தங்கக் கோட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால், அதே கோடு மறுபடி வராது. ஜாவாவில் உதைத்து ஸ்டார்ட் செய்யும் லிவரே கியர் லிவராகவும் இருக்கும். அந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தால், மிஞ்சுவது ஜாவா டேங்க் மட்டும்தான். ஆகவே என் அளவுகோல் இதுதான். கழற்றிய பொருளை அப்படியே மறுபடி மாட்ட முடியுமென்றால், மாற்றலாமா என்று யோசிக்கலாம். அறுப்பது, வெல்டிங் வைப்பது, சேசிஸ் எண்ணை அழிப்பது ஆகிய மூன்றையும் தொடவே கூடாது. சட்டம், உயிர்ப் பாதுகாப்பு, வண்டியின் மதிப்பு மூன்றும் சேர்ந்து உடைகிற இடம் அதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது. வண்டியின் கட்டமைப்பில் கைவைத்து அதன் அடிப்படைத் தன்மையை மாற்றுவதுதான் சட்டத்தின் கண்ணில் ‘மாற்றம்’. சீட் கவர் மாற்றுவதும், பக்கப்பெட்டி மாட்டுவதும் அதில் வராது. நிறம் மாற்றினால் அது ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றம் நடந்திருந்தால் 14 நாளுக்குள் அவருக்குத் தெரிவித்து, ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். வண்டி ஹயர் பர்ச்சேஸில் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது.

தண்டனை யாருக்கு என்பதை இரண்டு முறை படியுங்கள். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)இன்படி, விதிக்கு மாறாக வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அறுத்துக் கொடுத்த மெக்கானிக் தன் அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘மெக்கானிக்தான் ஒன்றும் ஆகாது என்றார்’ என்ற பதிலை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். ஊரையே எழுப்பும் சைலன்சருக்குப் பிரிவு 190(2) தனியாகக் காத்திருக்கிறது. அதில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதோடு ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும்.

பின் மட்கார்டையும் சேலை கார்டையும் கழற்றுவது இப்போது ஃபேஷன். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும், கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 கட்டாயப்படுத்துகிறது. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிப் பெண்கள் விழுந்த செய்திகளைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். அழகுக்காக அதைக் கழற்றுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

அடுத்து, பலர் அறியாமலே செய்துகொள்ளும் கேடு ஒன்று. பெயிண்டுக்கு முன் சேசிஸை சாண்ட் பிளாஸ்டிங் செய்கிறார்கள். ஏற்கெனவே துருப்பிடித்துத் தேய்ந்த சேசிஸ் எண், மணல் பட்டு இன்னும் மங்குகிறது. அதன்மேல் தடித்த பவுடர் கோட்டிங் ஏறினால் எண்ணே தெரியாது. சேசிஸ் எண் படிக்க முடியாத வண்டி, அதிகாரி பார்வையில் திருட்டு வண்டியாகவே தெரியும். இதற்குத் தீர்வு மிக எளிது. வேலைக்குக் கொடுப்பதற்கு முன் எண் உள்ள இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். மெல்லிய வெள்ளைத்தாளை அதன்மேல் இறுக்கிப் பிடித்துப் பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால், எண் தாளில் எழும்பி வரும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ‘பென்சில் பிரிண்ட்’ என்று கேட்பது இதைத்தான். இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் இருக்கும் பகுதியைத் தடித்த டேப்பால் மூடச் சொல்லுங்கள். மூடியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பட்டறையை விட்டுக் கிளம்புங்கள். எண் மங்கிவிட்டது என்று மெக்கானிக்கை விட்டு மறுபடி பஞ்ச் அடிக்கச் சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது குற்றவழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். பதிவு அதிகாரிக்கு எழுதிக்கொடுத்து, அவர் சொல்லும் வழியில்தான் செய்ய வேண்டும்.

வண்டியை விலைக்கு வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ‘புக் இல்லை, வண்டி சூப்பர்’ என்று விற்கப்படும் ஆர்.எக்ஸ். 100ஐத் தொடாதீர்கள். காயலாங்கடைக்குப் போன ஒரு வண்டியின் புக்கை வைத்துக்கொண்டு வேறு சேசிஸில் எண் அடித்து விற்கும் வேலையும் நடக்கிறது. டார்ச் அடித்து எண்ணின் எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் வண்டி எண், சேசிஸ் எண், எஞ்சின் எண்ணைக் கொடுத்துத் திருட்டுப் பதிவு உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். அதன் பிறகுதான் முன்பணம்.

இனி காகித வேலை. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதை முடியுங்கள்.

உரிமையாளர் காலமாகியிருந்தால் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லா உறுதிமொழி ஆகியவை வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தகவல், மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் என்பது விதி. நம் வீடுகளில் நிலப் பட்டாவுக்கு அலைகிறவர்கள், வண்டியின் புக்கைப் பீரோவில் போட்டு மறந்துவிடுகிறார்கள். காலம் கடந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள், தாமதத்துக்குரியதைக் கட்டிவிட்டு மாற்றுங்கள். உயிரோடு இருப்பவரிடமிருந்து வாங்கினால் படிவம் 29, 30. புக் தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொண்டு படிவம் 26இல் நகல் கேளுங்கள். வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28இல் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி ரசீது, வண்டி ஆய்வு. ஆய்வுக்கு வண்டி அசல் அமைப்பில் போனால் வேலை எளிது. அதனால்தான் கழற்றிய மட்கார்டு, சைலன்சர், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள் என்று சொல்கிறேன். எடைக்குப் போடாதீர்கள்.

எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் பழைய எண் வண்டிகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. கையெழுத்துப் புக்கின் விவரம் ‘வாகன்’ என்ற வண்டிப் பதிவு இணையதளத்தில் ஏறியிருக்காது. ‘கம்ப்யூட்டரில் இல்லை’ என்று சொல்லி ஆர்.டி.ஓ. கவுன்டரிலேயே அனுப்பிவிடுவார்கள். பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றுவது அவர்கள் வேலை, உங்கள் பிழை எதுவும் இல்லை. அந்தச் சோம்பலுக்கு மக்கள் ஏன் புரோக்கருக்குப் பணம் அழ வேண்டும்? பதிவேட்டு விவரத்தை வாகனில் ஏற்றித்தரக் கோரி ஒரு மனு எழுதி, புக் நகலும் பென்சில் பிரிண்டும் இணைத்துக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவின் நிலையைக் கேளுங்கள். அவர்கள் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் பிரிவு 57இன்கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய முடியும். வாயால் சொன்ன ‘முடியாது’வை எதிர்த்து எங்கும் போக முடியாது.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு, 2021 ஜூலையில் வந்த விதிகள் ‘விண்டேஜ்’ பதிவு தருகின்றன. சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் மாற்றம் செய்யாத அசல் வண்டியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பம் படிவம் 20. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பதிவு செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆய்வு, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டும் சாலைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சந்தைக்கும் போக நினைப்பவர், வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டு போவது நல்லது. இன்று 40 வயதான வண்டியின் சேசிஸை அறுப்பவர், 10 ஆண்டில் கிடைக்கப்போகும் இந்தத் தகுதியையும் சேர்த்தே அறுக்கிறார்.

வண்டியில் செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்தால், விபத்து நடந்த அன்று நிறுவனம் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கும், உற்பத்தி நின்ற மாடலுக்கும் காப்பீட்டு மதிப்பு இரு தரப்பும் பேசி முடிவுசெய்வது. ஏஜென்ட் போடும் சில ஆயிரத்தை ஏற்றுக்கொள்ளாமல், போட்டோக்களையும் உதிரிபாக பில்களையும் கொடுத்து நியாயமான தொகையை எழுதச் சொல்லுங்கள்.

பட்டறை விஷயத்திலும் நம்மவர்கள் வாய்ப்பேச்சையே நம்புகிறார்கள். வண்டியை விடும்போது ஹெட்லைட் மேலுள்ள ஆம்பியர் மீட்டர், இரு பக்கப் புலிக்கண் விளக்கு, கார்புரேட்டர், மேக்னெட் வரை ஒவ்வொரு அசல் உறுப்பையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்ன வேலை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதும் அதில் இருக்கட்டும். எழுதிய பட்டியல் இல்லாததால் அசல் கார்புரேட்டரைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். பட்டியலும் ரசீதும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். அதற்கும் அசையாத பட்டறைக்காரருக்கு, உறுப்புப் பட்டியலின் நகலை இணைத்து 15 நாள் கெடுவோடு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஆணையத்துக்குப் போங்கள்.