பிரயாணிகள் நின்றனர், தபாலும் நின்றது

கொரோனா நோய் உலகெங்கும் பரவிவிட்டதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 11 அன்று பிரகடனம் செய்த சில வாரங்களுக்குள், பெட்டியில் போட்ட கடிதம் கடல் கடந்தும் போய்ச் சேரும் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் வைத்திருந்த நம்பிக்கை தேசத்துக்குத் தேசம் ஆட்டங்கண்டது. காகிதத்தின் வழியே கிருமி வந்துவிடும் என்று அஞ்சித்தான் தபாலை நிறுத்தினார்கள் என்று அநேகர் எண்ணினார்கள். அது காரணமன்று. அட்டையின்மேல் அந்தக் கிருமி சுமார் ஒரு நாள் வரையில்தான் வீரியத்துடன் இருக்கக் கண்டதாக அந்த மாதத்திலேயே அமெரிக்க விஞ்ஞானிகள் தெரிவித்திருந்தார்கள். வெளிநாட்டுப் பார்சலோ பல நாள் பிரயாணம் செய்தே வீடு வந்து சேருவது.

தபாலுக்கென்று தனி விமானங்கள் பறப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ போகும் தபால் பை, பெரும்பாலும் பிரயாணிகள் அமர்ந்திருக்கும் ஆசனங்களுக்குக் கீழே, அவர்களுடைய பெட்டி படுக்கைகளின் பக்கத்திலேயே கிடந்து, அவர்களோடு சேர்ந்தே பறக்கிறது. ஆகவே, மார்ச் மாதக் கடைசியில் இந்தியா சர்வதேசப் பிரயாணி விமானங்களை நிறுத்தியபோதும், அதே காலத்தில் மற்ற தேசங்களும் தத்தம் ஆகாய மார்க்கங்களை அடைத்துக்கொண்டபோதும், கடிதம் போகக்கூடாதென்று எவரும் உத்தரவிடாமலேயே கடிதத்தின் வாகனம் மறைந்துவிட்டது. சரக்கு விமானங்கள் பறந்தன என்பது மெய்தான். ஆனால் முகக்கவசமும் மருத்துவ சாதனங்களும் அவற்றில் இடத்துக்குப் போட்டியிட்டதால் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. ஜனவரிக் கடைசியிலிருந்து மே மாத நடு வரையில் சர்வதேசத் தபாலின் அளவு, முந்திய ஆண்டைக் காட்டிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று.

1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஜீவநாடி, உலகம் முழுவதும் ஒரே தபால் பிரதேசம் என்பதும், ஒரு நாட்டின் தபால் மற்றொரு நாட்டின் வழியாகத் தடையின்றிப் போகலாம் என்பதுமே. அதிலிருந்து பிறந்து, இன்று 192 நாடுகள் அங்கம் வகிக்கும் சர்வதேசத் தபால் சங்கத்தின் விதிகளில், மனித சக்திக்கு அப்பாற்பட்ட இடையூறு நேர்ந்தால் சேவையை நிறுத்திவைக்கவும், அதனால் நேரும் தாமதத்துக்கோ நஷ்டத்துக்கோ பொறுப்பேற்காமல் இருக்கவும் இடமிருக்கிறது. அந்த விதியைத்தான் தேசங்கள் அடுத்தடுத்துக் கையாண்டன. அமெரிக்காவில் அஞ்சலில் சேர்த்த உறைகள் பல, ‘தபால் சேவை நிறுத்தப்பட்டுள்ளது, அனுப்பியவருக்கே திருப்புக’ என்ற குறிப்புடன் வந்த வழியே திரும்பின. ஜப்பான், ஏப்ரல் 24 முதல் அமெரிக்காவுக்குரிய விமானத் தபாலை ஏற்க மறுத்து, மாதக்கணக்கில் செல்லும் கப்பல் தபாலை மட்டும் விட்டுவைத்தது.

இந்த இருளில் எனக்கு மிகுந்த நம்பிக்கையூட்டிய காரியம் ஒன்றுண்டு. சீனாவில் தேங்கிக் கிடந்த, ஐரோப்பாவுக்குரிய தபாலை 44 கண்டெய்னர்களில் ஏற்றிக்கொண்டு, ஏப்ரல் 3 அன்று சோங்சிங் நகரிலிருந்து புறப்பட்ட தனி ரயில் ஒன்று, கண்டத்தைக் குறுக்கே கடந்து லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸை அடைந்தது. அந்தச் சிறிய தேசத்தின் தபால் இலாகா, தன்னுடையதல்லாத அவ்வளவு பெரிய சுமையையும் ஏற்றுப் பிரித்து, மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பிவைத்தது. ரயிலில் தபால் அனுப்பும் முறையைச் சீனர்கள் முன்பே பரீட்சித்திருந்ததால்தான் அவசரத்தில் அது கைகொடுத்தது.

மின்னஞ்சல் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பவர்கள், வெளிநாட்டிலுள்ள மகன் வீட்டுக்குச் சில மாதங்கள் தங்கிவரப் போய், விமானமின்றி அங்கேயே தங்க நேர்ந்த வயோதிகத் தாயாரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊர் வைத்தியர் எழுதிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டால், அதை எந்தக் கம்பி வழியாகவும் அனுப்ப முடியாது. அசல் பட்டச் சான்றிதழும், புதுப்பித்த பாஸ்போர்ட்டும் அப்படிப்பட்டவையே. தனியார் கூரியர் கேட்ட தொகையைக் கொடுக்க இயன்றவர்கள் தப்பித்தார்கள். ஏழைகள் காத்துக் கிடந்தார்கள்.

ஆகையால் நம் அரசாங்கமும் அண்டை தேசங்களும், விமானம் ஓடாத காலத்தில் கப்பலிலும் ரயிலிலும் தபாலைக் கொண்டுசெல்வதற்கான ஒப்பந்தங்களை இப்போதே செய்துகொண்டு, மருந்துக்கும் அசல் பத்திரங்களுக்கும் சரக்கு விமானங்களில் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சட்டப்படி ஒதுக்கிவைக்க வேண்டும்.