எரிந்த மலைக்காடு மீளுமா?

காட்டுத் தீ இயற்கை செய்யும் களையெடுப்பு. எரிந்த மலை நாலு மழை கண்டால் தானே பச்சை பிடிக்கும் என்பது நெடுநாளாக நிலவி வரும் அபிப்பிராயம். அது அடியோடு பிழையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரிலிருந்து கிடைத்துவரும் சாட்சியங்களைப் பட்சபாதமின்றிப் பரிசீலிப்போர், அதை இனி நிபந்தனையின்றி ஒப்புக்கொள்ளல் இயலாது.

2002-ம் வருஷம் ஜூன் மாதம் கொலராடோ மாகாணத்தில் ஹேமன் தீ எனப் பெயர்பெற்ற பெருந்தீ மூண்டது. மூட்டியவர் வன இலாகாவின் சம்பளம் பெற்ற ஊழியர் ஒருவரே என்பது அவரே நியாயஸ்தலத்தில் ஒப்புக்கொண்ட விஷயம். வேலியே பயிரை மேய்ந்தது! ஏறக்குறைய 1,38,000 ஏக்கர் எரிந்தது. டென்வர் நகரத்தாருக்குக் குடிநீர் தரும் சீஸ்மன் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த சரிவுகளும் அதில் அடக்கம். மரம் போனபின் மண்ணைப் பிடித்து நிறுத்துவார் இல்லை. பின்வந்த மழைகளில் மணலும் சாம்பலும் நீர்த்தேக்கத்தில் வந்து விழுந்தன. இருபது வருஷங்களுக்கு மேல் கடந்தும், கடுமையாக எரிந்த பல சரிவுகளில் புல்லும் புதருமே மிகுந்திருக்கின்றன. பைன் கன்று அரிதாகவே தென்படுகிறது.

இத்தனைக்கும் அம்மலையின் பாண்டரோசா பைன் மரம் தீயறியாததன்று. அதன் பட்டை தடித்தது. முற்காலத்தில் அவ்வப்போது தரையோடு தவழ்ந்து செல்லும் சிறு தீ, சருகையும் சிறு செடிகளையும் தின்றுவிட்டுப் பெருமரங்களை விட்டுப்போகும். மனிதன் இம்முறையில் குறுக்கிட்டான். எந்தத் தீயையும் மறுநாட் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டுமென்று 1935-ல் வன இலாகா விதி வகுத்தது. நோக்கம் நல்லதே, ஆனால் அடக்க அடக்க விறகு சேர்ந்தது. சேர்ந்த விறகில் பற்றிய தீ இப்போது மரத்தின் உச்சிவரை ஏறுகிறது, தாய்மரத்தையும் விடுவதில்லை. இம்மரத்தின் விதையோ கனமானது. தாயைவிட்டு வெகுதூரம் பறவாது, மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கிக் கிடப்பதும் இல்லை. எனவே, எரிந்த பரப்பு அகன்றால் அதன் நடுவே விதைக்கு வழியே இல்லை.

விதை விழுந்தாலும் வழக்கு முடிந்தபாடில்லை. சீதோஷ்ண மாறுதலின் கொடுமை இங்கேதான் வெளிப்படுகிறது. வளர்ந்த மரம் ஆழ வேரோடிப் பல கோடைகளைத் தாங்கும். இரண்டங்குல வேருள்ள கன்று எங்ஙனம் தாங்கும்? பனி முன்னதாக உருகுகிறது, கோடை நீள்கிறது, சூடேறிய காற்று மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பழங்காலத்துக் குளிர்ந்த பருவங்களில் வேரூன்றிய மரங்கள் அனுபோக பாத்தியத்தால் இன்னமும் நிற்கின்றன. அவற்றிற்குப் பின் அதே நிலத்தில் வாரிசு ஏற்க இயலாது என்பதே நிலைமை. தாழ்ந்த, வெயில் படும் தென்சரிவுகளில் இது மிகவும் மோசம்.

ருசு வேண்டுவோர்க்கு ஒரு கணக்குத் தருவோம். ராக்கி மலைப் பிரதேசத்தில் 52 தீக்களில் எரிந்த 1,485 இடங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, 2000-க்கு முன் எரிந்தவற்றில் 100-க்கு 19 இடங்களில் மரக்கன்று ஒன்றுமே முளைக்கவில்லை. அதன்பின் எரிந்தவற்றிலோ 100-க்கு 32.

எல்லோஸ்டோனைக் காட்டி ஆட்சேபிப்பார் உண்டு. 1988-ல் அங்கே பெருங்காடு எரிந்தது; சூட்டிலே திறக்கும் காய்களையுடைய லாட்ஜ்போல் பைன் மறுபடி அடர்ந்து முளைத்தது உண்மை. ஆனால் அவ்விதம் முளைத்த இளங்காடுகளிற் சில, போதிய காய் சேருமுன் 2016-ல் மீண்டும் எரிந்தன. அங்கே தோன்றிய கன்றுகள் முன்னிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே.

புல்லும் புதரும் இயற்கைதானே, அதற்கேன் அங்கலாய்ப்பு என்று கேட்பவரும் உளர். சீஸ்மன் தேக்கத்தில் மணல் வாரியவர்களை அவர்கள் விசாரிக்கட்டும்.

செய்யத்தக்கது இல்லாமற் போகவில்லை. 334 தீக்களை ஆராய்ந்த 2023-ம் வருஷத்து விசாரணை, தீயின் கடுமையைக் குறைத்தால் சீதோஷ்ண நஷ்டத்தில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்யலாம் என்கிறது. அடர்ந்த சிறு மரங்களைக் கழிப்பதும், தகுந்த பருவத்தில் அளவோடு தாமே தீயிடுவதும் அதற்கு வழிகள். நடவுக்கும் பணம் தேடினார்கள்: மரநடவு நிதிக்கு வருஷம் மூன்று கோடி டாலர் என்றிருந்த வரம்பை 2021-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நீக்கிற்று. நம் அபிப்பிராயத்தில் பணத்தினும் இடத்தெரிவே கடினம். வடசரிவிலும் விழுந்த கட்டைகளின் நிழலிலும் நட்ட கன்று பிழைக்கக்கூடும். சுடும் சரிவில் நட்டால் உழைப்பு வீண். தாழ்ந்த, வெப்பமான இடத்து விதையை உயர்ந்த இடத்தில் நடுவது பற்றியோ நிபுணர்களுக்குள்ளேயே தர்க்கம் ஓயவில்லை. எந்த விதையாயினும், இன்று நட்ட பைன் தாராளமாகக் காய்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். அதுவரை அச்சரிவில் கடுந்தீ மறுபடி ஏறாதிருக்க வேண்டும்.