இருளில் முடியும் சங்கீதம்

எபிரேய மக்களின் வழிபாட்டுப் பாடல்கள் 150, ஐந்து பகுதிகளாக வகுக்கப்பெற்றுச் 'சங்கீதம்' என்னும் பெயரால் நம்மிடை வழங்குகின்றன. ஓரடி கூறிய கருத்தை அடுத்த அடி வேறு சொல்லால் மீட்டுரைத்தோ, மறுதலையாக நிறுத்தியோ வளர்ப்பது அவற்றின் செய்யுளியல்பு. இவ்விணைமையை 1753இல் தெளிவுற விளக்கியவர் ஆங்கில அறிஞர் இராபர்ட் லவுத்.

இவற்றுட் பல முறையீட்டுப் பாடல்கள். இறைவனை விளித்தல், துன்பம் உரைத்தல், அருள் வேண்டல், ஈற்றில் நம்பிக்கையோடு போற்றுதல் என்பது அவற்றின் பொது அமைப்பு. 13ஆம் சங்கீதம் 'எதுவரை' என நான்கு முறை வினவித் தொடங்கி, ஆறே வசனங்களில் மகிழ்ந்து பாடி முடிகின்றது.

88ஆம் சங்கீதமோ இம்மரபினின்றும் விலகுகின்றது. அதிலே துன்பத்திற்கு முடிவில்லை, முறையீட்டிற்கு விடையுமில்லை. உற்றாரும் அகன்ற நிலையைக் கூறும் அப்பாடலின் எபிரேய மூலத்தில் இறுதிச் சொல்லே இருளைக் குறிப்பது. ஆயினும் அது வழிபாட்டு நூலினுள்ளேயே இடம்பெற்றுள்ளது.

காரணம், தொடக்கத்திலேயே புலனாகின்றது. தன்னைக் கைவிட்டதாகத் தான் கருதும் கடவுளையே, தன்னை மீட்பவனென்று விளித்து, இரவும் பகலும் முறையிடுகின்றான் புலவன். போற்ற இயலாத நாவும் அழைப்பதை நிறுத்தவில்லை. அவ்வழைப்பே அவன் வழிபாடு.